கப்பல் காசின் தழும்பு

என் தம்பி பெண்டாட்டியை ஆபீசில் எல்லோரும் உரைகல் என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது, வைத்தவனுக்குத்தான் மூளை இல்லை. பழைய தங்கக் காசு சேர்ப்பவர்களிடம் போய் உரைகல் என்று சொல்லிப் பாருங்கள், பாம்பைக் கண்ட மாதிரி பின்வாங்குவார்கள். நகையை உரைத்துப் பார்க்கலாம். காசை ஒரே ஒரு தடவை கல்லில் இழுத்தால் போதும், அந்தக் கோட்டோடு அதன் அருமையும் போயிற்று. இருபது வருஷமாக அவள் மேஜையில் உரைகல்லே கிடையாது. இதை நான் எத்தனையோ தடவை சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவளே கண்டுகொள்வதில்லை. உரைகல் என்று யாராவது கூப்பிட்டால் "ம்" என்று திரும்பிப் பார்க்கிறாள்.

எங்கள் ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. பழைய காசுகளை வாங்குவோம், விற்போம். அதைவிட முக்கியமாக, யாராவது ஒரு காசைக் கொண்டுவந்தால் அது அசலா போலியா என்று பார்த்துத் தாள் எழுதிக் கொடுப்போம். நான் வாசல் மேஜை. வருகிறவர்களிடம் காசை வாங்கி, சின்ன உறையில் போட்டு, பதிவேட்டில் ஏற்றி உள்ளே அனுப்புவேன். உள்ளே வடக்கு ஜன்னல் வைத்த அறையில் அவள் உட்கார்ந்திருப்பாள். முதலாளி நடுவில் எங்கேயாவது நடந்துகொண்டிருப்பார்.

அவள் முதலில் கீழே கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் இருந்தாள். என் தம்பி கண்ணாடி மாற்றப் போனவன், மூன்று மாதத்தில் ஆறு தடவை மாற்றினான். இவனுக்குக் கண் கெட்டுவிட்டதா புத்தி கெட்டுவிட்டதா என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஏழாவது தடவை கண்ணாடியோடு அவளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். கல்யாணம் ஆகிப் பத்து நாள் வரைக்கும் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராவது நாள் முதலாளி தன் பெரிய பூதக்கண்ணாடியைக் கீழே போட்டு, லென்ஸ் சட்டத்தைவிட்டுக் கழன்றது. அதைச் சரிசெய்ய மாடிக்கு வந்தது அவள்தான்.

லென்ஸைப் பொருத்தி முடித்து, சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக மேஜையில் கிடந்த ஒரு காசின் மேல் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவே இல்லை. காசைத் திருப்பினாள், ஓரத்தைப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம், "சார், இதோட ஓரத்துல சுத்தி வர்ற வரி இந்த ஒரு இடத்துல மட்டும் மழுங்கியிருக்கு. யாரோ தேச்சிருக்காங்க" என்றாள். முதலாளி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியை வாங்கிப் பார்த்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. வார்த்துச் செய்த போலிக்கு இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய தையல் ஒன்று இருக்கும். அதை அரத்தால் தேய்த்து மறைத்திருந்தார்கள். அந்தக் காசை அவர் முந்தின நாள்தான் அசல் என்று வாங்கியிருந்தார். அடுத்த வாரம் அவளுக்கு வடக்கு ஜன்னல் அறை கிடைத்தது.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். கையுறை மாட்ட மாட்டாள், நழுவும் என்பாள். காசை முகத்திலும் முதுகிலும் தொடாமல் ஓரத்தில் மட்டும் இரண்டு விரலால் பிடிப்பாள். காற்றில் ஒரு எடை போடுவாள். அதையே நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொரு எடை போடுவாள். இந்தக் காசுகளில் இருக்கிற தங்கம் தண்ணீருக்குள் போனால் தன் எடையில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கைத்தான் விட்டுக்கொடுக்குமாம், அதற்குமேல் விட்டால் உள்ளே ஏதோ கலப்படம். அப்புறம் காசை விரல் நுனியில் நிறுத்தி, மெல்லிய மூங்கில் குச்சியால் ஒரு தட்டு. நல்ல காசு நீளமாகப் பாடும். அந்தச் சத்தம் கேட்கும்போது நான் வெளியே ஸ்டேப்ளரைக்கூட அமுக்க மாட்டேன். வாய் மூடாத பிறவி என்று என் அம்மாவே சொல்லியிருக்கிறாள். அந்த நான் அந்த அரை நிமிஷம் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவேன்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தாள் இல்லாமல் எந்தக் காசும் அவள் மேஜையைவிட்டு நகராது. நம்பர் அச்சடித்த தாள்கள் கொண்ட புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. எடை என்ன, அடையாளம் என்ன, முடிவு என்ன என்று தன் கையால் எழுதி, கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குவாள். போலி என்றால் இன்னும் கெடுபிடி. காசும் தாளும் ஒன்றாகத்தான் வெளியே போக வேண்டும்.

"போலின்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எதுக்கு அதுக்கு இவ்வளவு மரியாதை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தாளோட இருந்தா அது யாரையும் ஏமாத்தாது அண்ணி" என்றாள்.

அந்தத் தாள்களின் நம்பரையெல்லாம் வரிசையாகப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. அதில் ஒரு நம்பர் விட்டுப்போனாலும் எனக்குச் சோறு இறங்காது. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எழுநூற்றுப் பதினெட்டு காணாமல் போயிற்று. புத்தகத்தில் கிழித்த அடையாளம் இருக்கிறது, தாளைக் காணோம். காசு கொண்டுவந்தது யார் என்று தெரியாது. ஒரு வாரம் ஆபீசை இரண்டாக்கினேன். முதலாளியின் மேஜையைக்கூட விடவில்லை, குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கடைசியில் அவள் வந்து, "அது என் பொறுப்பு அண்ணி. ஒரு நாள் தானா வந்து சேரும், விடுங்க" என்றாள். நான் விடவில்லை. பதிவேட்டில் அந்த வரிசையைக் காலியாகவே வைத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைக் காட்டி அவளைக் குத்திக் காட்டாமல் இருந்ததில்லை.

நடுவில் மிஷின் வந்தது. காசை உள்ளே வைத்து மூடினால் ஏதோ கதிரைப் பாய்ச்சி, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று திரையில் காட்டும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் எல்லாம் இரண்டு நிமிஷம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மூன்று பேர், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள், ஒரே மாதத்தில் மூன்று தங்கக் காசு கொண்டுவந்தார்கள். ஒரே வகைக் காசு, வருஷம் மட்டும் மூன்றும் வேறு வேறு. மிஷின் மூன்றையும் நல்ல தங்கம் என்றது. எடையும் சரி, சத்தமும் சரி.

உரைகல் மூன்றுக்கும் போலி என்று எழுதினாள்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "தங்கம் சரியா இருக்கு, எடை சரியா இருக்கு. உங்களுக்கு இன்னும் என்னம்மா வேணும்?"

அவள் மூன்று காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூன்றிலும் பின்பக்கம் பொறித்திருந்த கழுகின் இடது இறக்கைக்குக் கீழே, முடி அகலத்துக்கு ஒரே மாதிரி ஒரு கீறல். "மூணு வருஷத்துல அடிச்ச மூணு காசு சார். மூணு பேர் கிட்ட இருந்திருக்கு. மூணும் ஒரே இடத்துல, ஒரே அளவுக்கு, ஒரே மாதிரி அடிபடுமா?" என்றாள். யாரோ ஒரு அசல் காசின் கழுகுப் பக்கத்தை வைத்து அச்சு எடுத்து, வருஷம் இருக்கிற பக்கத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்த அசலில் இருந்த கீறலும் சேர்ந்து அச்சில் ஏறிவிட்டது. அந்த அச்சில் நல்ல தங்கத்தையே போட்டு அடித்திருக்கிறார்கள். வெறும் தங்கத்துக்கு ஒரு விலை, பழைய காசு என்றால் அதைப்போல் பத்து மடங்கு. அதற்காகத்தான் இவ்வளவு பாடு. அசலை அவள் அம்மா என்பாள், அதைப் பார்த்து அடித்தவற்றைப் பிள்ளைகள் என்பாள். இதில் என்னை வாயடைக்க வைத்தது வேறு. முதல் காசு மாத ஆரம்பத்தில் வந்தது, மூன்றாவது மாதக் கடைசியில். நடுவில் நூறு காசுக்குமேல் அவள் கையில் ஏறி இறங்கியிருக்கும். அத்தனைக்கும் நடுவில் முடி அகலக் கீறல் ஒன்றை அவள் ஞாபகம் வைத்திருந்தாள். எனக்கு நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

இப்போது என் காசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டினார். சாமான் ஏற்றி இறக்கும் வேன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நான் தைத்துக்கொண்டிருந்தபோது வந்து, கையை நீட்டச் சொல்லி ஒரு தங்கக் காசை வைத்தார். ஒரு பக்கம் தாடி வைத்த ராஜா, மறுபக்கம் மூன்று பாய் விரித்த கப்பல். "நாள் முழுக்க அடுத்தவங்க காசையே தொட்டுக்கிட்டு இருக்கே. உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்றார். இரண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்திருக்கிறார், என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. அவர் கை கழுவப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்த வேகத்தில் காசு நழுவி, தையல் மெஷினின் இரும்புக் காலில் டங்கென்று பட்டுத் தரையில் உருண்டது. எடுத்துப் பார்க்கிறேன், கப்பலின் நடுப்பாய்க்கும் கொடிக்கும் இடையில் எள்ளளவு ஒரு குழி. குழிக்கு இடதுபக்கம் வளைந்த ஒரு வால்.

கையில் வாங்கி ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் கெடுத்துவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அவர் சாகிற வரைக்கும் சொல்லவில்லை. காசை உரைகல்லிடமும் காட்டவில்லை. காட்டினால் முதல் பார்வையிலேயே குழியைப் பிடித்துவிடுவாள், அது தம்பி வழியாக அவர் காதுக்குப் போகும். தவிர, ஆசையாகக் கொடுத்ததைத் தராசில் வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கப்பல் காசு ஒன்று எனக்கு இருக்கிறது என்றே நான் அவளிடம் சொன்னதில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்து, ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து அந்தக் குழியை மட்டும் தடவிப் பார்த்து வைத்துவிடுவேன்.

ஒரே ஒரு தடவை அது வீட்டைவிட்டு வெளியே போயிற்று. கொடுத்து நாலு வருஷம் கழித்து, அதற்குப் பொருத்தமாக ஒரு பெட்டி செய்து வருகிறேன் என்று அவர் எடுத்துப் போனார். நாலு நாள் கழித்து, சிவப்பு வெல்வெட் மெத்தை வைத்த மரப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போய் இப்போது ஆறு வருஷம் ஆகிறது.

போன மாதம் பல் டாக்டர் ஒருவர் வந்தார். காசு சேர்ப்பதில் புதுப் பைத்தியம். உட்கார்ந்ததும் உறையைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். கப்பல் காசு. நான் பதிவேட்டில் அடையாளம் எழுதுவதற்காகக் கைக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நடுப்பாய்க்கும் கொடிக்கும் இடையில் எள்ளளவு குழி. இடதுபக்கம் வளைந்த வால்.

என் கட்டைவிரலுக்குத் தெரிந்த குழி அது. என் வீட்டில், என் கையால், என் தையல் மெஷினில் பட்டு உண்டான குழி எப்படி இந்த மனுஷன் காசில் இருக்கும்? டாக்டர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

கணக்கு மட்டும் கடகடவென்று ஓடியது. இத்தனை வருஷம் இந்த ஆபீசில் உட்கார்ந்ததற்கு அதுகூடத் தெரியாதா? என் காசை வைத்துத்தான் அச்சு எடுத்திருக்க வேண்டும். அது வீட்டைவிட்டு வெளியே போனது அந்த நாலே நாள். கொண்டுபோனவர் அவர் ஒருத்தர்தான். அச்சுக்குக் கொடுத்துவிட்டு என் காசையே திருப்பிக் கொடுத்தாரா, அல்லது அசலை யாரிடமோ தள்ளிவிட்டு, பெட்டிக்குள் ஒரு பிள்ளையை வைத்து என் தலையில் கட்டினாரா? டாக்டரின் காசு அம்மாவாக இருந்தால், என் பீரோவில் இருப்பது பிள்ளை. அப்படியென்றால் நான் இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியது யாரோடு?

உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்தாள். டாக்டரின் காசை நுண்ணோக்கியில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "அண்ணி, வீட்டுக்குப் போய் உங்க கப்பல் காசைப் பெட்டியோட எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நான் ஓடினேன். கப்பல் காசு ஒன்று என்னிடம் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது அவள் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். எடுத்த எடுப்பில் என் காசைப் பார்க்கவில்லை. டிராயரிலிருந்து வேறு ஒரு காசை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, "முதல்ல இதைப் பாருங்க. இது அசல். ராஜா நெத்தியில ஒரு அடி இருக்கு" என்றாள்.

பார்த்தேன். ராஜாவின் நெற்றி ஒரு பெரிய மைதானம் மாதிரி விரிந்தது. அதன் மேல், அச்சில் அடித்தபோது தங்கம் ஓடிய தடங்கள் பட்டுத்துணியின் இழை போல வரிவரியாக ஓடின. நடுவில் ஒரு பள்ளம். ஈரச் சிமெண்டில் கால் வைத்தால் ஓரம் பிதுங்கி நிற்குமே, அதுபோலப் பள்ளத்தைச் சுற்றித் தங்கம் பிதுங்கி வரப்பு கட்டியிருந்தது. இழைகளெல்லாம் வரப்பில் வந்து அறுந்துபோயிருந்தன.

"இது அடிச்சு முடிச்ச பிறகு பட்ட காயம். மேல இருந்த வரியெல்லாம் அறுந்து போச்சு, தங்கம் ஒதுங்கி மேல வந்திருச்சு. அச்சுலயே இருந்த தழும்புன்னா அப்படி இருக்காது. பொறக்கும்போதே வந்தது. வரி குழிக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போயிரும். இப்ப உங்களோடத வைக்கறேன். நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க."

என் காசை வைத்தாள். எத்தனையோ வருஷம் விரலால் தடவிய குழியை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். வரப்பைத் தேடினேன். இல்லை. ஓரம் வழவழவென்று இருந்தது. இழைகள் ஒன்றுகூட அறுபடாமல், படியில் இறங்குகிற மாதிரி குழிக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போயின. அவள் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"அப்ப என்னோடது பிள்ளை."

"ஆமா அண்ணி."

நான் எழுந்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். செத்துப்போன மனுஷனை இப்படியெல்லாம் பேசலாமா என்று யாராவது கேட்டிருந்தால் அவர்களுக்கும் விழுந்திருக்கும். பெட்டி செய்கிறேன் என்று சொல்லி என் காதில் பூ சுற்றினார் என்றேன். இவ்வளவு காலம் ஒரு குழிக்காக மனசுக்குள் அழுதுகொண்டிருந்தேனே, அந்தக் குழியும் பொய்யா என்றேன். கதவுக்கு வெளியே முதலாளி நடந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"உக்காருங்க அண்ணி. இன்னொண்ணு பாக்கலயே" என்றாள் அவள்.

டாக்டரின் காசை வைத்தாள். அதிலும் வரப்பு இல்லை. அதிலும் இழைகள் இறங்கி ஏறிப் போயின.

"ரெண்டுமே பிள்ளைங்கதான். அம்மா இங்க இல்ல. குழி நீங்க போட்டது இல்ல. கீழ விழுறதுக்கு முன்னாடியே அது அங்கதான் இருந்திருக்கு."

எனக்குப் பாதிதான் ஏறியது. ஆனால் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் நானும் லேசில் விடுகிறவள் இல்லை. "முதல்ல குடுத்தது அசலா இருந்து, அந்த நாலு நாள்ல மாத்தியிருந்தா? அம்மாவை வேற யார்கிட்டயாவது குடுத்திருந்தா?" என்று கேட்டேன்.

அவள் என் காசை ஓரத்தில் நிற்கும்படி ஒரு சின்னக் கவ்வியில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"விளிம்புல பாருங்க."

அங்கே ஒரு நசுங்கல் இருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் சுற்றிலும் தங்கம் பிதுங்கி, வரிகள் அறுந்து, வரப்பு கட்டி நின்றது. நிஜமாகப் பட்ட காயம். அந்தக் காயத்தின் இடுக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்ல பச்சையா என்ன இருந்துச்சு அண்ணி?" என்று கேட்டாள்.

தையல் மெஷினின் இரும்புக் கால் துரு ஏறுகிறது என்று நான் புலம்பியதற்காக, காசு வருவதற்கு முன்பே, வேனுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அடித்தார். பளபளவென்று கிளிப்பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை என்று நான் சண்டை போட்டேன். காசு கொடுத்து இரண்டு வருஷத்தில் அந்த மெஷின் உடைந்து பழைய இரும்புக்குப் போயிற்று. பெட்டி செய்ய எடுத்துப் போனது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. அந்த நாலு நாளில் மாற்றி வைத்த காசாக இருந்தால் அதில் எங்கள் மெஷினின் பச்சை எப்படி வரும்? அன்றைக்கு என் கையிலிருந்து விழுந்த காசு இதுதான். அவர் என் உள்ளங்கையில் வைத்ததும் இதுதான். யாரோ அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். அவர் என்னை ஏமாற்றவில்லை.

நுண்ணோக்கியிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் முன்னால் அழ வேண்டியிருக்கும். மணல் துகளில் பாதிகூட இல்லாத அந்தப் பச்சை, ஒரு இலை அளவுக்கு விரிந்து கிடந்தது. அவர் கையால் அடித்த பெயிண்ட். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த இவளை நான் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன் என்று அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"இதைக் கேக்கணும்னு பதினாலு வருஷமா இருந்தேன். அண்ணாகிட்ட கேட்டப்ப, அவ கையில இருந்து அது கீழ விழவே விழாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு" என்றாள்.

நான் நிமிர்ந்தேன். "எந்த அண்ணா?"

அவள் மரப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "மெத்தையைத் தூக்கிப் பாருங்க."

சிவப்பு வெல்வெட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினேன். அது தனித் தட்டாகக் கழன்று வந்தது. அடியில் எட்டாக மடித்த ஒரு தாள். பிரிப்பதற்கு முன்பே அச்சடித்த நம்பர் வெளியே தெரிந்தது. எழுநூற்றுப் பதினெட்டு.

"சர்டிபிகேட்டோட பெட்டியில வெச்சு உங்களுக்குக் குடுக்கணும்னு ஆசைப்பட்டு எங்க வீட்டுக்கு வந்தாரு அண்ணி. மறுநாள் நான் இங்க கொண்டுவந்து பாத்தேன். சொன்னப்ப தாளை வாங்கி ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம், அவளுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான், அவகிட்ட சொல்லாதேன்னாரு. நான் சொல்ல மாட்டேன், ஆனா தாள் காசோடயே இருக்கணும்னேன். அதுக்காகத்தான் ரெண்டு அடுக்கு வெச்சுப் பெட்டி செஞ்சாரு."

தாளில் அவளுடைய சின்னச் சின்ன எழுத்து. எடை சரி. தங்கம் சரி. கப்பல் பக்கம், நடுப்பாய்க்கும் கொடிக்கும் இடையில் பிறவித் தழும்பு. விளிம்பில் பட்ட காயம் ஒன்று, பச்சை நிறத் துணுக்குடன். முடிவு: போலி. கீழே, படித்துப் புரிந்துகொண்டேன் என்ற இடத்தில், ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் கோணிப்போன அவருடைய கையெழுத்து.

நான் குழியை மறைத்தேன். அவர் தாளை மறைத்தார். ஒரே பீரோவில், ஒரே பெட்டியில், இரண்டையும் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்து இவள் ஒருத்தி வாயைக் கட்டிக்கொண்டு, வருஷா வருஷம் என்னிடம் திட்டும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"என்னைத் திட்ட விட்டியேம்மா" என்றேன்.

"நீங்க திட்டாத நாள்தான் எனக்குப் பயமா இருக்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அவள் டாக்டரின் காசுக்குத் தாள் எழுத ஆரம்பித்தாள்.

நான் வாசல் மேஜைக்குப் போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினேன். எழுநூற்றுப் பதினேழுக்கும் எழுநூற்றுப் பத்தொன்பதுக்கும் நடுவில் அந்த வரிசை காலியாகவே இருந்தது. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவர் பேரை எழுதினேன். முடிவு என்ற இடத்தில் போலி என்று எழுதினேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக வந்து ரொம்ப நாளாயிற்று.